போர் அடிக்குதா? ஒரு நிமிஷம்!



நம் வளாகத்தில் காலை முதல் மாலை வரை அதிகம் காதில் விழும் ஆங்கிலச் சொல் எது என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு சந்தேகமில்லாமல் 'போர்' என்ற சொல்லுக்குத்தான் போகும். "செகண்ட் ஹவர் ஒரே போர்டா!", "படமாடா அது? செம போர்!", "ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்ல இருந்தா போர் அடிக்குது." இப்படி நாளுக்கு நூறு முறை சொல்கிறோம். ஆனால் இதே சொல் நம் ஒர்க்ஷாப்பில் இருக்கிறது, தெர்மல் இன்ஜினியரிங் புத்தகத்தில் இருக்கிறது, ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் இருக்கிறது, ஊரில் நம் வீட்டுக் கொல்லையிலும் இருக்கிறது. எல்லாம் ஒரே போர்தானா? அல்லது வேறு வேறா? இதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

நம்மில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள். முதல் வருஷம் புத்தகத்தைத் திறந்ததும் ஆங்கிலச் சொற்கள் எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி மொய்க்கின்றன. என்ன செய்கிறோம்? அர்த்தம் கேட்காமல் டப்பா அடிக்கிறோம். டெஃபனிஷனைக் காற்புள்ளி, முற்றுப்புள்ளியோடு ஒப்பிக்கிறோம். வைவாவில் எக்ஸ்டர்னல் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் கூரையைப் பார்க்கிறோம். பிறகு "எல்லாம் இந்த இங்கிலீஷ் பண்ற வேலை" என்று பழியை மொழியின் தலையில் போடுகிறோம். என் கருத்து என்னவென்றால், நம்மைத் தோற்கடிப்பது ஆங்கிலம் அல்ல. அர்த்தம் கேட்காத பழக்கம்தான். இதற்குச் சாட்சியாக இந்த ஒரே ஒரு குட்டிச் சொல்லைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கப் போகிறேன். விசாரணை போர் அடிக்காது என்று உத்தரவாதம் தருகிறேன்!

துளைக்கும் போர்

முதல் போர், துளை போடும் போர். பழைய ஆங்கிலத்தில் 'போரியன்' என்றால் துளைத்தல். ஜெர்மன்காரர் இன்றும் 'போரென்' என்கிறார். லத்தீன் மொழியில் இதன் பங்காளி 'ஃபொராரே'. அதிலிருந்து வந்ததுதான் 'பெர்ஃபரேஷன்'. தபால் தலையை வரிசையாகக் கிழிக்க உதவும் அந்தச் சின்னத் துளைகளும், லேத்தில் நாம் செய்யும் போரிங்கும் ஒரே வம்சம் என்று தெரிகிறதா?

ஆனால் ஒர்க்ஷாப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. இல்லாத இடத்தில் துளை உண்டாக்குவது டிரில்லிங். ஏற்கெனவே இருக்கும் துளையைப் பெரிதாக்கி, வட்டமாகவும் நேராகவும் ஆக்குவது போரிங். அதன் பிறகு மிகக் கொஞ்சமாகச் சுரண்டி, துல்லிய அளவுக்கும் வழவழப்புக்கும் கொண்டுவருவது ரீமிங். மூன்றும் துளைதான், மூன்றும் வேறு வேலை. டிரில் பிட் சில சமயம் சற்று விலகிப் போகும். அந்தக் கோணலைத் திருத்துவது ஒற்றை முனை போரிங் டூல். இவ்வளவு புரிந்தால் போதும். எந்த எக்ஸ்டர்னல் எப்படித் திருப்பிக் கேட்டாலும் பதில் வாயில் வரும்.

இந்தப் போரிங்கை லேசாக நினைக்காதீர்கள். ஜேம்ஸ் வாட் 1769-ல் தன் நீராவி எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் எஞ்சின் சரியாக ஓடவில்லை. காரணம் என்ன? உருளையின் உட்பக்கம் சரியான வட்டமாக இல்லை. பிஸ்டனைச் சுற்றி நீராவி கசிந்தது. துணி, தக்கை, காகிதம் என்று எதையெதையோ அடைத்துப் பார்த்தார். 1775-ல் ஜான் வில்கின்சன் என்ற இரும்பு ஆலைக்காரர் ஒரு போரிங் இயந்திரம் செய்தார். வெட்டும் தண்டை உருளைக்குள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை விட்டு, இரண்டு முனைகளிலும் தாங்கல் கொடுத்தார். அவ்வளவுதான்! தண்டு தொங்கவில்லை, ஆடவில்லை, துளை நேராக வந்தது. வாட்டின் கூட்டாளி போல்டன் 1776-ல், 50 அங்குல விட்டமுள்ள உருளையில் ஒரு பழைய ஷில்லிங் காசின் கனம் அளவுக்குக்கூடப் பிழை இல்லை என்று மகிழ்ந்து எழுதினார். தொழிற்புரட்சிக்குக் கண்டுபிடிப்பாளனின் மூளை மட்டும் போதவில்லை. ஒழுங்காகப் போர் செய்யும் ஒரு டெக்னீஷியனின் கையும் தேவைப்பட்டது. டிப்ளமோ படிப்பவர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய சரித்திரம் இது!

இன்னொன்றும் உண்டு. மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களுக்குத் துளை போடும் வேலையைக் கவனித்துவந்தார் ரம்ஃபோர்டு பிரபு. உலோகம் ஏன் இப்படிச் சூடேறுகிறது என்று அவருக்குச் சந்தேகம். மழுங்கிய டூலை வைத்து, குழாயைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் மூழ்கடித்து, குதிரைகளை விட்டுச் சுற்றவைத்தார். இரண்டரை மணி நேரத்தில் நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது! வெப்பம் ஒரு திரவம் என்று அதுவரை பலர் நம்பிவந்தார்கள். அது இயக்கத்திலிருந்து பிறப்பது என்று 1798-ல் ரம்ஃபோர்டு எழுதினார். நாம் 'போர்' என்று கொட்டாவி விடும் தெர்மோடைனமிக்ஸ் பாடத்தின் ஒரு வேர், உண்மையிலேயே போரிங்கில்தான் இருக்கிறது!

அளவாக மாறிய போர்

துளைக்கும் செயலைக் குறித்த சொல், பிறகு துளையையே குறித்தது. அதற்கும் பிறகு துளையின் விட்டத்துக்கே பெயராகிவிட்டது. எஞ்சினில் போர் என்றால் சிலிண்டரின் உள்விட்டம். ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் போய்வரும் தூரம். நம் ஊரில் பலர் ஓட்டிய ஹீரோ ஹோண்டா சி.டி.100 வண்டிக்குப் போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 49.5 மில்லிமீட்டர். விட்டத்தின் வர்க்கத்தை பையால் பெருக்கி, நான்கால் வகுத்து, ஸ்ட்ரோக்கால் பெருக்குங்கள். 97.2 சி.சி. வரும். பழைய புல்லட் 350-க்குப் போர் 70, ஸ்ட்ரோக் 90. கணக்குப் போட்டால் 346 சி.சி. புல்லட்டில் போரைவிட ஸ்ட்ரோக் நீளம். அந்த 'டுப் டுப்' நடைக்கு இந்த நீள ஸ்ட்ரோக்கும் ஒரு காரணம்.

மெக்கானிக் கடையில் "போர் தேஞ்சு போச்சு, ரீபோர் பண்ணணும்" என்றால் என்ன பொருள்? சிலிண்டர் சுவர் தேய்ந்து வட்டம் கெட்டுவிட்டது; மறுபடி போரிங் செய்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்று பொருள். ஏழாம் வகுப்போடு நின்ற மெக்கானிக் அண்ணனுக்கு இந்தச் சொல் தண்ணீர் பட்ட பாடு. காரணம், அவர் சொல்லையும் பொருளையும் சேர்த்தே கையால் தொட்டவர். நாமோ சொல்லை மட்டும் தொட்டுவிட்டுப் பரீட்சை ஹாலுக்கு ஓடுகிறோம்.

துப்பாக்கியிலும் போர் உண்டு. '12 போர் துப்பாக்கி' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 12 என்பது மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாகச் செய்தால் ஓர் உருண்டைக்கு என்ன விட்டமோ, அதுதான் அந்தக் குழாயின் விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டைகளாகச் செய்தால் உருண்டை சிறுத்துவிடும் அல்லவா? அதனால் 20 போர் என்பது 12 போரைவிடச் சின்னது. எண் கூடினால் அளவு குறையும். எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு இது புதிதல்ல. எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் 8-ம் நம்பர் கம்பி 4.06 மில்லிமீட்டர், 22-ம் நம்பர் கம்பி 0.71 மில்லிமீட்டர்தானே!

சுமக்கும் போர்

அடுத்தது முற்றிலும் வேறு சாதி. 'பேர்' என்ற வினைச்சொல்லுக்குச் சுமத்தல், தாங்குதல், பெறுதல் என்று பொருள். அதன் இறந்தகாலம் 'போர்'. 'தூண் பாரத்தைத் தாங்கியது', 'தாய் பிள்ளை பெற்றாள்' என்று எழுத ஆங்கிலத்தில் இந்தப் போர்தான் வரும். எழுத்தும் அதே நான்கு எழுத்து. ஆனால் துளைக்கும் போருக்கும் இதற்கும் பொருளில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்தச் சொல்லின் பிள்ளைதான் நம் 'பேரிங்'. சுழலும் தண்டைத் தாங்குவதால் பேரிங். இப்போது வேடிக்கையைப் பாருங்கள். பேரிங்கின் உள்விட்டத்தை 'பேரிங் போர்' என்கிறோம். இதில் 'பேரிங்' சுமக்கும் குடும்பம், 'போர்' துளைக்கும் குடும்பம். இரண்டு குடும்பமும் ஒரே இரும்பு வளையத்தில் சம்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன! 6205 என்ற பேரிங் எண்ணைப் பார்த்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள். போர் 25 மில்லிமீட்டர். 04-லிருந்து இந்தக் கணக்கு செல்லும். அதற்குக் கீழே 00, 01, 02, 03 என்றால் முறையே 10, 12, 15, 17 மில்லிமீட்டர். இதைத் தெரிந்துகொண்டால் இன்டர்வியூவில் பயன்படும், கடையில் ஏமாறாமலும் இருக்கலாம்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று சொல்லட்டுமா? இந்த 'பேர்' என்ற ஆங்கிலச் சொல்லும், சமஸ்கிருதத்தில் சுமத்தலைக் குறிக்கும் 'பர்' என்ற வேரும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. அந்த வேரில் பிறந்த 'பாரம்' தமிழுக்கும் வந்து நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. பாரம் தாங்குவது பேரிங்! நாம் அந்நியம் என்று பயந்த சொல்லின் தாயாதி நம் அம்மாவின் வாயிலேயே இருந்திருக்கிறது. "தலைபாரமா இருக்குடா" என்று அம்மா சொல்லும்போது இனி பேரிங் ஞாபகம் வரட்டும்.

அலையாக வரும் போர்

சிவில் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் ஒரு போர் இருக்கிறது. கடல் ஏற்றம் அதிகமுள்ள இடத்தில், புனல் மாதிரி வாய் அகன்று உள்ளே குறுகும் ஆற்று முகத்துவாரத்தில், ஏறும் கடல்நீர் நெருக்கப்பட்டு ஒரு சுவர்போல எழுந்து ஆற்றில் எதிர்த்திசையில் ஓடும். இதற்கு 'டைடல் போர்' என்று பெயர். கல்கத்தாப் பக்கம் ஹூக்ளி ஆற்றில் இது வரும். இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றில் வரும். சீனாவில் ஹாங்ஜோ அருகே சியான்டாங் ஆற்றில் வருவதுதான் உலகிலேயே பெரியது. அதைப் பார்க்கக் கரையில் திருவிழாக் கூட்டம் கூடுகிறது. தமிழகக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். அதனால் நமக்கு அந்தக் காட்சி இல்லை.

இந்தப் போர், அலையைக் குறிக்கும் 'பாரா' என்ற பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் கருத்து. கப்பலேறி வந்து இங்கிலாந்தைத் தாக்கிய வைக்கிங்குகள் பேசிய மொழி அது. லேபில் நாம் பார்க்கும் ஹைட்ராலிக் ஜம்ப் இதன் உடன்பிறப்பு. வேகமாக ஓடும் ஆழமற்ற தண்ணீர் திடீரென்று மேலெழுந்து ஆழமாகவும் மெதுவாகவும் ஆவது ஜம்ப். அது ஒரே இடத்தில் நின்றால் ஜம்ப். இடம்விட்டு ஓடினால் போர். இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்.

கடைசியில், நம்ம போர்!

நாம் தினமும் சொல்லும், சலிப்பு உண்டாக்கும் போர் எங்கிருந்து வந்தது? இங்குதான் தமாஷ். இது 1760-களில்தான் இங்கிலாந்தில் மேல்தட்டுக்காரர்களின் எழுத்தில் தலை காட்டுகிறது. அதற்கு முன் சுவடே இல்லை. மண்டையைத் துளைக்கிற மாதிரி பேசுவதால் போர் என்றார்களா, வேறு வழியில் வந்ததா என்று சொல்லாராய்ச்சியாளர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆயிரம் வருஷம் பழைய போருக்கெல்லாம் பூர்வீகம் தெரிகிறது. நேற்றுப் பிறந்த இந்தப் போருக்கு அப்பன் பெயர் தெரியவில்லை!

அது தமிழுக்கு வந்ததும் நம் ஆட்கள் சும்மா விட்டார்களா? வெயில் அடிக்குது, காத்து அடிக்குது என்கிற மாதிரி 'போர் அடிக்குது' என்று ஆக்கிவிட்டார்கள். அந்தச் சொற்கட்டு ஏற்கெனவே நம்மிடம் வேறு பொருளில் இருந்ததுதான். களத்தில் கதிரைப் பரப்பி, மாடு கட்டி மிதிக்கவிட்டு, நெல்லைப் பிரிப்பதற்குப் போரடித்தல் என்றே பெயர். அடித்த வைக்கோலைக் குவித்தால் வைக்கோற்போர். பொருதல் என்ற வினையிலிருந்து வந்த போர், யுத்தம். ஆங்கிலத்துக்குச் சளைக்காமல் தமிழிலும் போருக்குப் பல முகம்! போதாக்குறைக்கு 1913-ல் அணு மாதிரி சொன்ன டென்மார்க் விஞ்ஞானி நீல்ஸ் போர் வேறு நம் வேதியியல் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் போர் அடித்ததற்கு அவர் பெயர் காரணமல்ல!

ஊரில் "போர் போட்டோம், 800 அடியில தண்ணி" என்பது ஆழ்துளைக் கிணறு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஓடிப் போர் போடுகின்றன. இந்தப் போரைப் பற்றி ஒரு வார்த்தை, விளையாட்டில்லாமல். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து, நான்கு நாள் போராட்டத்துக்குப் பிறகும் பிணமாகத்தான் கிடைத்தது. கைவிட்ட கிணற்றைக் களிமண், மணல், கல் கொண்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்திருந்தது. படித்தவர்கள் பலர் அந்தக் காகிதத்தைப் பார்த்திருப்பார்கள். பொருளை உள்வாங்கியவர்கள் குறைவு. நாளைக்குச் சூப்பர்வைசராக நிற்கப் போகிறவர்கள் நாம். ஒரு சொல்லின் பொருள் புரியாமல் வேலை பார்த்தால் போவது மார்க் மட்டுமல்ல.

ஆகவே...

"இதெல்லாம் படிச்சா மார்க் வருமா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வருவது கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆறு சப்ஜெக்ட், ரெக்கார்டு நோட்டு, அரியர் என்று மூச்சு முட்டும்போது சொல்லாராய்ச்சி எதற்கு? ஆனால் கணக்குப் பாருங்கள். போர் என்ற ஒரு சொல்லைப் பிடித்தோம். அதன் பின்னாலேயே போரிங், ரீமிங், சிலிண்டர் கொள்ளளவு, பேரிங் எண், கேஜ், ஹைட்ராலிக் ஜம்ப் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. எதையும் மனப்பாடம் செய்யவில்லை. பொருள் தெரிந்த சொல் பரீட்சை முடிந்த பிறகும் கூட வரும்; டப்பா அடித்த வரி ஹாலைவிட்டு வெளியே வருமுன்பே ஓடிப்போகும்.

இன்னொன்றும் புரிந்திருக்கும். ஆங்கிலம் என்பது வானத்திலிருந்து விழுந்த தெய்வமொழி அல்ல. ஜெர்மானியக் குடிகளிடம் கொஞ்சம், வைக்கிங்கிடம் கொஞ்சம், லத்தீனில் கொஞ்சம் என்று கடன் வாங்கிக் கட்டிய வீடு அது. அந்த வீட்டுக்குள் நுழைய நாம் மட்டும் ஏன் கைகட்டி, தலைகுனிந்து நிற்க வேண்டும்? செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு உள்ளே போவோம்!

என் யோசனைகள் மூன்றே மூன்று. ஒன்று, ஒவ்வொருவரும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டு, பாடத்தில் வரும் புதுச் சொல்லை அன்றன்றே தமிழில் பொருளோடு எழுதுவோம். இரண்டு, வகுப்பில் புரியாத சொல் வந்தால் "சார், இதுக்கு என்ன அர்த்தம்?" என்று எழுந்து கேட்போம். சிரிப்பவன் சிரிக்கட்டும், அவனுக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. ஆசிரியப் பெருமக்களும் ஒரு நிமிஷம் ஒதுக்கித் தமிழில் சொன்னால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். மூன்று, நம் மாணவர் பேரவை அறிவிப்புப் பலகையில் வாரம் ஒரு சொல் எழுதிப் போடட்டும். நூலகத்தில் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதியை வெளியே மேஜைமேல் வைக்கச் சொல்லிப் பேரவை கேட்கட்டும். செலவு ஒரு சாக்பீஸ்தான்!

அடுத்த முறை வகுப்பில் "போர்டா" என்று பக்கத்து நண்பன் முணுமுணுத்தால், "எந்தப் போர்?" என்று கேளுங்கள். அவன் முழிப்பான். அப்போது ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுங்கள். அந்த ஒரு ஹவர் போவதே தெரியாது!

கேள்வி கேட்போம்! பொருள் அறிவோம்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை